முதலில் அந்தச் சொம்பைக் கீழே வையுங்கள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பும் ஜூன் மாதத்தில் நர்சரி வாசலில் வந்து இறங்கும் வாடிய செடித் தொட்டிகளுக்கெல்லாம் கதை ஒன்றுதான். கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்தது, பேர் தெரியாது, ஒரு மாதம் பால்கனியில் கிடந்தது. ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக இரண்டு சொம்புத் தண்ணீர், கூடவே ஒரு பிடி டிஏபி உரம். நாலு நாள் கழித்து, "தண்ணி ஊத்த ஊத்த வாடுதுங்க, இது என்ன செடி?"

பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இலை உதிர்ந்த குச்சியைப் படம் பிடித்துப் போனில் கேட்டால் அதுவும் வாய்க்கு வந்ததைத்தான் சொல்லும். சாகக் கிடக்கும் செடியில் பார்க்க வேண்டியவை மூன்று: மண்ணில் ஈரம் எவ்வளவு, தண்டில் உயிர் எதுவரை, வேர் எப்படி.

வாடினாலே தாகம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, வாடலுக்கு அவ்வளவுதான் அர்த்தம். மண்ணில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. வேர் அழுகிவிட்டால் தொட்டி தெப்பக்குளமாக இருந்தாலும் இலை தொங்கித்தான் நிற்கும். அதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றினால் மிச்ச வேரும் மூச்சு முட்டி அழுகும், செடி இன்னும் வாடும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். "மேல்மண் காஞ்சிருந்துச்சே" என்பார்கள். நம் ஊர் வெயிலில் மேல்மண் அரை நாளில் காயும், அடிமண் ஒரு வாரம் சொதசொதவென்றே இருக்கும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரல் இறங்காவிட்டால் துடைப்பத்து ஈர்க்குச்சியை அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது. சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது.

அடுத்து தண்டு. நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் லேசாகச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்திருக்கும் பகுதி போய்விட்டது. பச்சை தெரியும் இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பனை, அரிக்கா மாதிரி ஓலை விடும் செடியாக இருந்தால் கத்தியையே எடுக்காதீர்கள். குருத்தை வெட்டினால் அந்தத் தண்டோடு சரி. அதில் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால் போதும். அழுகிக் கையோடு வந்தால் அந்தத் தண்டு முடிந்தது.

பேர் தெரியாத செடியை வெறுங்கையால் வெட்டாதீர்கள். பால் வடிவது எதுவானாலும் கண்ணில் பட்டால் எரிச்சல்தான். புள்ளிபோட்ட பெரிய இலை கொண்ட டைஃபன்பாக்கியாவின் சாறு வாயில் பட்டால் நாக்கு தடித்துவிடும். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளை உடனே அள்ளிக் குப்பையில் போடுங்கள்.

இலையும் இல்லை, தண்டும் இல்லை, வெறும் மண்தான் என்றாலும் தூக்கி எறிவதற்கு முன் கொட்டிப் பாருங்கள். கலேடியமும் ஃபுட்பால் லில்லியும் கிழங்காக உறங்கிக்கொண்டிருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கிற கிழங்கு திரும்ப முளைக்கும்.

மண் உண்மையிலேயே காய்ந்திருந்தால் வேலை சுலபம். கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், ஒரு தடவை முழுக்கக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும், ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக ஓடி வெளியே போகும். வாளியில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து அதில் இறக்குங்கள். 30–45 நிமிடம், குமிழி நிற்கும்வரை. பிறகு வெளியே எடுத்து நன்றாக வடியவிட்டு நிழலில் வையுங்கள்.

ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை உருவித்தான் ஆக வேண்டும். ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியம் பக்கமிருந்து வரும் செடிகளில் பல களிமண் உருண்டையோடு வரும். அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரையுங்கள், பிய்க்காதீர்கள். வேரை விரல்களுக்கு நடுவே உருவுங்கள். தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல், வெட்டி எறியுங்கள். கெட்டியாக நிற்பது நல்ல வேர். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: டிரசினா, ஸ்நேக் பிளான்ட் வேர்கள் இயல்பிலேயே ஆரஞ்சு நிறம், அழுகல் என்று நினைத்து மொட்டையடித்து விடுகிறார்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். பாதி வேர் போனால் இலையிலும் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும். இலை கற்றாழை மாதிரி தடித்திருந்தால் வெட்டுக்காயம் ஆற இரண்டு மூன்று நாள் நிழலில் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு நடுங்கள்.

செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்குக்கு மேல் வேண்டாம். பாவம், கஷ்டப்பட்ட செடியாயிற்றே என்று பெரிய தொட்டி வாங்காதீர்கள். வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். வேர் குறைந்திருந்தால் பழையதைவிடச் சின்னத் தொட்டிதான் சரி. நட்டதும் ஒரு முறை தண்ணீர், அதன் பிறகு மண் இரண்டு விரற்கணு ஆழம் காய்ந்தால் மட்டும்.

உரத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்வது! டிஏபி, யூரியா, புளித்த மோர், டீத்தூள் எதுவும் வேண்டாம். குடிக்கவே முடியாத வேரின் மேல் உப்பைக் கொட்டினால் கருகும். ஏற்கெனவே போட்டிருந்தால் மேல்மண்ணோடு குருணையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரும் அதே வகைதான், உப்பு கூடிய தண்ணீர். அதில் வீட்டைத் துடையுங்கள். இரண்டு புது இலை முழுதாக விரிந்த பிறகு உரப் பேச்சை எடுக்கலாம்.

இலைக்கு அடியில் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

வெயில் காட்டினால் தேறும் என்று மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். அறைக்குள் இருந்த இலை ஒரே மத்தியானத்தில் வெளுத்துக் கருகும். ஜன்னலோர வெளிச்சம் போதும்.

அப்புறம் அந்தப் பரிசுப் பீங்கான் தொட்டி. தயவுசெய்து அதைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு உள்ளே வையுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

மூன்று வாரம் ஒன்றுமே நடக்காது. ஆறு வாரம்கூட ஆகலாம். தண்டு பச்சையாக இருக்கும்வரை விட்டு வையுங்கள். வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்துச் செத்த செடிகளும் நர்சரிக்கு வரத்தான் செய்கின்றன.