ரேசிசம்: இனவெறியா, இனவாதமா, இனப்பாகுபாடா?

1918-ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் செனட் (கல்வி விவகாரங்களை முடிவு செய்யும் அவை) ஒரு தீர்மானம் போட்டது: கறுப்பின மாணவர்களை இனி மருத்துவம் படிக்கச் சேர்ப்பதில்லை. அப்போது அங்கே 15 கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களை நெருக்கினார்கள். போரில் அடிபட்டுத் திரும்பிய வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பு மாணவர்கள் தங்களைத் தொடுவதை விரும்பவில்லை என்பது அன்று சொன்ன காரணம். இந்தத் தடை 1965 வரை நடைமுறையில் இருந்தது. பிறகும் ஏட்டில் அப்படியே கிடந்தது. முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவர் அதைத் தோண்டியெடுத்த பிறகுதான், 2018-ல் செனட் அதை ரத்து செய்தது.

இதைத் தமிழில் எழுதும் எவரும் யோசிக்காமல் 'இனவெறி' என்று எழுதிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் இந்தக் கதையில் வெறி எங்கே இருக்கிறது? கூட்டம் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், குறிப்பேட்டில் பதிந்தார்கள். யாரும் கத்தியதாகக்கூடத் தெரியவில்லை.

சரி, மூலச் சொல்லைப் பார்ப்போம். இனம் என்ற பொருளில் வரும் 'ரேஸ்' 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்குக் கொடுத்தது இத்தாலியத்தின் 'ரட்சா'. அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 'ரேசிசம்' மிகவும் இளைய சொல். அது பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று, ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1902-ல் பேசிய பேச்சு. மக்களைப் பிரித்து ஒதுக்கிவைப்பதைக் கண்டித்துத்தான் பேசினார். அதே மனிதர்தான் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடைபோட்ட கார்லைல் பள்ளியை நிறுவியவர். சொல்லை வாயில் வைத்திருப்பது ஒன்று, அது சுட்டும் காரியத்தைத் தன் கையில் அடையாளம் காண்பது வேறொன்று. 1930-களில் நாஜிகளின் கொள்கையைக் குறிக்க இந்தச் சொல் பரவலானது.

அடுத்த திருப்பம் 1967. அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனும் தனிமனிதர் செய்வதையும் நிறுவனம் செய்வதையும் பிரித்து, இரண்டாவதற்கு 'இன்ஸ்டிட்யூஷனல் ரேசிசம்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணமே மருத்துவம் சார்ந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது எல்லோருக்கும் தெரிகிற குற்றம். அதே ஊரில் சரியான உணவும் வீடும் மருத்துவ வசதியும் இல்லாமல் ஆண்டுதோறும் 500 கறுப்பினக் குழந்தைகள் சாவது யார் கண்ணிலும் குற்றமாகப் படுவதில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'நிறவெறி' தென்னாப்பிரிக்கச் செய்திகளோடு நமக்குப் பழகிய சொல். தோல் நிறத்தைத் தாண்டி அது நகராது. 1934-ல் மான்ட்ரியாலின் நோத்ர் டாம் மருத்துவமனையில் சாமுவேல் ரபினோவிச் என்ற யூத இளைஞரைப் பயிற்சி மருத்துவராக எடுத்ததற்காக மற்ற பயிற்சி மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கே நாளில் அவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. அவர்களுக்கும் அவருக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம்? 'இனவாதம்' கொள்கையைச் சொல்ல நல்ல சொல். ஆனால் இலங்கைத் தமிழர் காதில் அது உடனே அந்த நாட்டு அரசியலாகத்தான் ஒலிக்கும்.

'வெறி'க்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. சங்கப் பாடல்களின் வெறியாட்டில் வேலன் என்ற பூசாரி மேல் முருகன் வந்து இறங்குகிறான். வெறிநாய், குடிவெறி என எல்லாவற்றிலும் ஆள் தன்வசம் இழந்திருக்கிறான். அதனால்தான் 'உங்கள் துறையில் இனவெறி இருக்கிறது' என்றால் ஒரு பேராசிரியர் புண்பட்டுப்போகிறார். தான் வெறிபிடித்தவர் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தோலினூடே ஒளியைப் பாய்ச்சித்தான் அது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய அளவீடுகளில், ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தவை வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவிக்கு வெறி பிடிக்குமா? ஆனால் மூச்சுத் திணறும் ஒருவரை 'நார்மல்தான்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட அது போதும்.

இதற்கெல்லாம் நான் பரிந்துரைப்பது 'இனப்பாகுபாடு'. விதியிலும் கருவியிலும் பாடத்திட்டத்திலும் ஊறியிருப்பதற்கு 'நிறுவன இனப்பாகுபாடு'. பாகுபாடு என்றால் பகுத்து வேறாக நடத்துவது. அதைச் செய்யக் கோபம் தேவையில்லை, ஒரு விண்ணப்பப் படிவம் போதும். வெறுப்போடு ஒருவர் பாய்ந்தால் அதை இனவெறி என்றே சொல்லலாம்.

அப்புறம், இதற்கு எதிர்ப்பக்கச் சொல். பல்கலைக்கழகங்கள் இன்று பேசும் 'பிலாங்கிங்', அதாவது ஓர் இடத்தில் நானும் ஒருவன் என்று உணர்வது, என்பதற்கு நாம் 'உள்ளடக்கம்' என்று எழுதிவிடுகிறோம். அது டப்பாவுக்குள் இருக்கும் பொருளைச் சொல்வதுபோல இருக்கிறது. 'நம்மவராதல்' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 'இனம்' என்ற சொல்லிலேயே இந்தப் பொருள் ஒரு காலத்தில் இருந்தது. 'மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு' என்னும் குறளில் இனம் என்பது கூடிப் பழகும் கூட்டம். பிறப்புக்கு அங்கே வேலையே இல்லை.

2016-ல் டொராண்டோ பல்கலைக்கழக மருத்துவ வகுப்பில் சேர்ந்த 259 பேரில் சிக்கா ஓரியுவா ஒருவர்தான் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டு அங்கே கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கென்று தனி வழி திறந்தார்கள். 2020-ல் பட்டமளிப்பு உரை நிகழ்த்த அந்த வகுப்பு தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

குவீன்ஸ் 2019 ஏப்ரலில் பொது மன்னிப்புக் கேட்டது. 1918-ல் வெளியேற்றப்பட்ட எதெல்பர்ட் பார்த்தலோமியூ ரயிலில் தூங்கும் பெட்டிப் பணியாளராக வேலை செய்து வாழ்ந்தவர். அவருடைய மகன் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். மறைந்துபோன தந்தைக்கு மருத்துவப் பட்டம் அந்த ஆண்டுதான் கிடைத்தது.