காலிப்ரேஷன்: திருத்தமா, ஒப்பீடா?

அளக்கும் கருவி காட்டும் மதிப்பைத் தெரிந்த மதிப்போடு வைத்துப் பார்ப்பதுதான் 'காலிப்ரேஷன்'. அதற்குத் தமிழில் பரவலாக எழுதப்படுவது 'அளவுத்திருத்தம்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் சுவடு அளவே இருக்கும் ஹைட்ரோகார்பன்களை (மீத்தேன், ஈத்தேன் போன்ற, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள்களை) அளப்பது பற்றி எழுத உட்கார்ந்தால், இந்தச் சொல் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். 'காலிபர்' என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது 'காலிப்' என்ற அரபுச் சொல் என்பது பெரும்பாலோர் கருத்து. அதன் பொருள் வார்ப்பு அச்சு. 19-ஆம் நூற்றாண்டில் வெப்பமானியின் கண்ணாடிக் குழலுக்கு உள்விட்டம் பார்ப்பதையும் காலிப்ரேட் செய்வது என்றார்கள். அப்புறம் எல்லா அளவுக் கருவிகளுக்கும் அது பொதுவாயிற்று.

தமிழில் 'கட்டளை' என்ற சொல்லுக்கும் அச்சு என்ற பொருள் உண்டு. செங்கல் அறுக்கும் சட்டம் கட்டளைதான். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லோ கட்டளைக்கல். அச்சு, உரைகல் இரண்டையும் ஒரே சொல் தாங்குவது எனக்குப் பெரிய வியப்பு. ஆனால் இன்று 'கட்டளை வாயு' என்று எழுதினால் யாருக்கும் உத்தரவுதான் நினைவுக்கு வரும். ஆகவே மனமில்லாமல்தான் அதை விடுகிறேன்.

அந்த உரைகல் பொன்னைத் திருத்துவதில்லை, ஒப்பிட்டுக் காட்டுகிறது. காலிப்ரேஷனின் வேலையும் அதுதான். அளவிடுதலைப் பற்றிய அறிவியலான அளவையியலின் சர்வதேசச் சொல்தொகுதி, காலிப்ரேஷன் வேறு, கருவியைச் சரிக்கட்டுவது வேறு என்று தெளிவாகவே பிரிக்கிறது. மதிப்பு தெரிந்த ஒன்றைக் கருவிக்குக் கொடுத்து, அது என்ன காட்டுகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள உறவை ஐயப்பாட்டு அளவோடு (எவ்வளவு பிசகியிருக்கலாம் என்ற மதிப்பீட்டோடு) குறிப்பதே காலிப்ரேஷன். அதனால் 'அளவொப்பீடு' என்பதே சரி என்பது என் முடிவு.

சரி, ஒப்பிட எதை வைப்பது? அதுதான் 'ஸ்டாண்டர்ட்'. வேதியியல் பாடத்தில் தமிழ்நாட்டில் 'திட்டக் கரைசல்' என்றும் இலங்கையில் 'நியமக் கரைசல்' என்றும் படித்திருப்போம். அதே வழியில் திட்ட வாயு, நியம வாயு என்று சொல்லலாம். புதுச் சொல் தேட வேண்டியதில்லை.

திட்ட வாயுவைச் செய்வதுதான் கடினம். நூறு கோடி மூலக்கூறு காற்றில் மீத்தேன் சுமார் 1,900 இருக்கிறது. ஈத்தேன், வட அரைக்கோளத்தின் தூய காற்றில் ஒன்றிரண்டுதான். 10 லிட்டர் உருளையில் 100 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பி, அதில் நூறு கோடியில் ஒரு பங்கு ஈத்தேன் வேண்டுமென்றால், தேவைப்படும் ஈத்தேன் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். பல கிலோ எடையுள்ள உருளைக்குள் அதை நேரடியாக நிறுக்க முடியாது. எனவே முதலில் அடர்த்தியான கலவையை நிறுத்துச் செய்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நீர்க்கச் செய்து, திரும்பவும் நிறுக்கிறார்கள். இப்படிப் படிப்படியாக இறங்கி வர வேண்டும்.

இதற்குள் காற்றே குறுக்கே வரும். அந்த உருளை ஒதுக்கும் காற்றின் எடை 12 கிராமுக்கு மேல்; அந்த அளவுக்கு உருளையைக் காற்று மேலே தூக்குவதால் எடை குறைவாகத் தெரியும். அறைக் காற்றின் அடர்த்தி 1% மாறினாலே நிறுவையில் 120 மில்லிகிராம் பிசகும். அதனால் அதே அளவுள்ள இன்னொரு உருளையைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி நிறுக்கிறார்கள். எடை பார்த்து முடித்த பிறகும் சில ஹைட்ரோகார்பன்கள் உருளையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். உட்புறத்தை அதற்கென்று பதப்படுத்துவது இதனால்தான். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரே உருளையில் 30 ஹைட்ரோகார்பன்களை நூறு கோடியில் சில பங்கு அளவில் கலந்து திட்ட வாயு தயாரிக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? காற்றில் கலந்துள்ள வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃப் தருவது வெறும் முகடுகள், அதாவது வரைபடத்தில் எழும் மேடுகள். முகட்டின் பரப்பு எத்தனை பங்குக்குச் சமம் என்று திட்ட வாயுதான் சொல்லும். இரண்டு நிலையங்களின் திட்ட வாயு 5% வேறுபட்டால், இல்லாத ஏற்ற இறக்கம் காற்றில் இருப்பதாகத் தோன்றும். இயற்கை எரிவாயுவில் ஈத்தேனும் இருப்பதால், அதன் கசிவை ஈத்தேனை வைத்துத் தேடுபவர்களை அது தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

இனி வாக்கியத்தில் இப்படி எழுதலாம்: 'கருவியைத் திட்ட வாயுவோடு அளவொப்பீடு செய்தபோது ஈத்தேனை 3% கூடுதலாகக் காட்டியது, கருவியைத் தொடாமல், கணக்கில் மட்டும் திருத்தினோம்.'