மைலோ டின் ஏன் வியர்க்கிறது: ஒன்பது வயதுச் சிந்தனையும் அறிவியல் பாடமும்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அறிவியல் தனிப்பாடமாக இல்லை. தொடக்கநிலை 3-ல், ஏறத்தாழ ஒன்பது வயதில்தான் அது தொடங்குகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்பவே அறிவியல் துணைப்பாடத்துக்குப் போகுதே" என்று தொடக்கநிலை 1 பெற்றோர் சிலர் கவலைப்படுகிறார்கள். கவலைப்படத் தேவையில்லை. எந்த வயதில் பிள்ளையின் சிந்தனை எதைத் தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) செய்துகாட்டிய சோதனையை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றிலிருப்பதைப் பிள்ளையின் கண்முன்னே உயரமான, ஒல்லியான கிளாஸுக்கு மாற்றுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும், "இதுலதான் நிறைய" என்று உயரமானதைக் காட்டும். ஏழெட்டு வயதில், "அதே தண்ணிதானே, திருப்பி ஊத்துனா சரியாயிடும்" என்கிறது. உயரத்தையும் அகலத்தையும் ஒருசேர நினைவில் வைக்கவும், நடந்ததை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கவும் அதற்கு இப்போது முடிகிறது. ஆனால் கண்ணால் காண்பதை, கையால் தொடுவதை வைத்துத்தான் முடிகிறது. கண்ணுக்குத் தெரியாததை வைத்து, "இப்படி இருந்தால் என்ன ஆகும்" என்று யோசிப்பது பதினொரு, பன்னிரண்டு வயதையொட்டியே வலுப்படுகிறது என்றார் பியாஜே. இந்த வயது வரம்புகள் அவ்வளவு கறாரானவை அல்ல, கேட்கிற விதத்தை மாற்றினால் சின்னப் பிள்ளைகளும் சரியாகச் சொல்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் வளர்ச்சி போகும் திசை அதுதான்.

காந்தம், பொருள்களின் தன்மை, உயிரினங்களின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாம் தொடக்கநிலை 3, 4-லும், விசையும் ஆற்றல் மாற்றமும் 5, 6-லும், பொருள்கள் நுண்துகள்களால் ஆனவை என்ற கருத்து உயர்நிலைப் பள்ளியிலும் வருகின்றன. இந்த வரிசை பிள்ளையின் வளர்ச்சியோடு ஒத்துப்போகிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத பொருள் நடுவில் நுழையும்போது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மைலோ பான டின்னின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் பூத்திருப்பதைப் பார்த்து என் அண்ணன் மகள், "அத்தை, டின்ல ஓட்டை இருக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு டின்னை எடுத்து, துடைத்து, சமையலறைத் தராசில் வைத்தேன். "எடை ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?"

"அப்படியேதான். உள்ள இருக்கிற தண்ணிதானே வெளிய வருது."

எவ்வளவு நேர்த்தியான வாதம் பாருங்கள்! கசிந்த நீர் டின்மேலேயே ஒட்டியிருந்தால் எடை மாறக் கூடாதுதான். ஆனால் சில நிமிடங்களில் எண் ஒரு கிராம் ஏறியது, பிறகு இன்னொன்று. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப வெளியேருந்து வருதா? வெளிய தண்ணியே இல்லையே!"

நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன், மார்க் காஸ்குரோவ் இருவரும் 1983-ல் வெளியிட்ட ஆய்விலும், தண்ணீர் கண்ணாடிப் பாத்திரத்தின் சுவர் வழியாக வெளியே வந்தது என்று சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். காற்றில் நீராவி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்கு எடை உண்டு என்று ஏற்க மனம் ஒரு பெரிய படி ஏற வேண்டும். அந்தப் படியைத் தாண்டவைக்காமல், "காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாகிறது" என்ற விடையை மட்டும் மனனம் செய்யவைக்கிறோம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். அதே பிள்ளையிடம், குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி ஏன் மங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் அதே விடைதான் என்று தெரியாமல் விழித்தால், மனனம் செய்த வாக்கியம் புரிதலாக மாறவில்லை என்று பொருள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

சரியான விளக்கம் புரிந்த பிறகும் பழைய எண்ணம் அழிந்துபோவதில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளுணர்வோடு மோதும் அறிவியல் கூற்றுகள் சரியா தவறா என்று சொல்ல அவர்களுக்குக்கூடக் கூடுதல் நேரம் பிடித்தது. அதனால் பிள்ளையின் தவறான விளக்கத்தை உடனே திருத்துவதைவிட, "அப்படியென்றால் அடுத்து என்ன நடக்கணும்?" என்று கேட்டு, சோதித்துப் பார்க்கவிடுவதே மேல். பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான் என்றாலும், இந்தக் கேள்வியை வீட்டில் தமிழில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நியாயமான சோதனை, அதாவது ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்துச் சோதிப்பது, அதையும் பிள்ளை படிப்படியாகத்தான் கற்கிறது. ஒரு பனிக்கட்டியைத் துணியில் சுற்றி மின்விசிறிக்கு அடியிலும், இன்னொன்றைச் சும்மா மேசையிலும் வைத்துவிட்டு, எது முதலில் உருகுகிறது என்று பார்க்கச் சின்னப் பிள்ளைக்கு ஆசை. துணியாலா, காற்றாலா என்று அதன்மூலம் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது தானாக வருவதில்லை, ஆனால் சொல்லிக்கொடுத்தால் வரும். சென், கிளார் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் விளக்கிச் சொன்ன பிறகு இதைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் சிறியவர்களுக்கு, ஒரு சோதனையில் கற்றதை வேறுவகைச் சோதனைக்குக் கொண்டுபோவது கடினமாக இருந்தது. ஆகவே காந்தத்தில் ஒருமுறை சொல்லிவிட்டோம் என்று விடாமல், செடியிலும் வெப்பத்திலும் "இதுல எதை மட்டும் மாத்துனே?" என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.