கீமோ நாட்களில் பட்டினி வேண்டாம்

மும்பையில் மாதுங்கா, சயான், தாராவிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது கீமோ தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிடுகிறது: 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பே புற்றுநோயைத் தின்றுவிடுமாம், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். சஷ்டி, ஏகாதசி என்று விரதம் பழகிய வீடுகளில் இது சுலபமாக எடுபடுகிறது.

பரிசு உண்மைதான். 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட் செல்களை, புற்றுநோயாளிகளை அல்ல. அவர் ஆராய்ந்தது இதைத்தான்: பழுதான புரதங்களையும், தேய்ந்த மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் உறுப்புகளையும் செல் ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. நம் செல்களில் அந்தப் பை, லைசோசோம் என்ற செரிமானப் பையோடு இணைந்து உள்ளிருப்பதைச் செரிக்கிறது. கிடைத்த பொருளைச் செல் மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் உடைந்த பிளாஸ்டிக் திரும்பவும் சரக்காவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதுதான் ஆட்டோஃபேஜி.

தேவைப்படும்போது பிரிந்து புதுச் செல்களை உண்டாக்கும் தாய்ச் செல்களான ஸ்டெம் செல்கள் இதை மிகவும் நம்பியிருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் அமைதியாகக் கிடப்பவை. கழிவு சேர்ந்தால் அந்த அமைதி குலையும். 2017இல் வெளியான எலி ஆய்வில், முதிய எலிகளின் ரத்த ஸ்டெம் செல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஆட்டோஃபேஜியை உயர்ந்த அளவில் வைத்திருந்தன. அவையே இளமையின் திறனோடும் இருந்தன. தசை ஸ்டெம் செல்களிலோ, ஆட்டோஃபேஜி குறைந்தால் பிரியும் ஆற்றலை நிரந்தரமாக இழக்கும் முதுமை நிலை வந்துவிடுகிறது.

இதுவரை செய்தியை அனுப்பியவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. சிக்கல் இனிமேல்தான். பெக்லின்-1 என்ற ஆட்டோஃபேஜி மரபணுவின் ஒரு பிரதியை இழந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வருகின்றன. ஆக, தொடக்கத்தில் அது காவல். கட்டி வேரூன்றிய பிறகு அதே வசதியை, கட்டிக்கு விதைபோல இருக்கும் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் தமக்காக எடுத்துக்கொள்கின்றன. ஆக்ஸிஜனும் சத்தும் எட்டாத கட்டியின் நடுவில் பிழைக்க, கீமோவின் அடியைத் தாங்க, ஒடுங்கிக் கிடந்து பின்னர் நோயைத் திரும்பக் கொண்டுவர அது உதவுகிறது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பலர் ஆட்டோஃபேஜியைத் தடுக்கவே முயல்கிறார்கள்! மூட்டுவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினை அதற்காகச் சோதித்தார்கள், கலவையான பலன்தான். அதை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்; இதயத் துடிப்பையும் விழித்திரையையும் கெடுக்கக்கூடும்.

"டாக்டர், அம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம், நல்லதுதானே?" என்று ஒரு மகள் கேட்டார். அம்மா சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடில்லாமல் அந்த மாத்திரை புற்றுநோயைவிடச் சீக்கிரம் ஆளைச் சாய்த்துவிடும். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பட்டினியில் முதலில் கரைவது கட்டியல்ல, தசை. உடல் தளர்ந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ தேதியைத் தள்ளவோ நேர்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் நடக்கும் உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளின் கதை வேறு.

இட்லி, முட்டை, பருப்பு, மீன் எது இறங்குகிறதோ கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. விரத நாள் வருகிறது என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றவேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்த கீமோ தேதி வரை காத்திராமல் வாருங்கள்.