பழைய இரும்பில் ஒரு மிளகு

சிங்கப்பூரின் ஜூரோங், துவாஸ் கப்பல் பட்டறைகளில் இரவு வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். கயிறு கட்டி, மஞ்சள் பலகை மாட்டி, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்வார்கள். பற்றவைத்த குழாயில் விரிசல் உண்டா என்று கதிர்வீச்சில் படம் எடுக்கும் வேலை. அந்தக் கதிரைத் தருவது மிளகு அளவுகூட இல்லாத, இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகத் துண்டு.

அணுமின் நிலையமே இல்லாத சிங்கப்பூருக்கு அணுப் பாதுகாப்பு எதற்கு என்றால், அந்த மிளகுக்காகத்தான். 2018 ஆகஸ்டில் மலேசியாவில், சிரம்பானிலிருந்து ஷா ஆலமுக்கு வண்டியில் போன அப்படியொரு கருவி காணாமல் போனது. அங்கிருந்து நம் எல்லைக்குச் சில மணி நேரப் பயணம்தான்.

சரி, எல்லையில் எப்படிப் பிடிப்பார்கள்? லாரி இரண்டு தூண்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும். தூண்களுக்குள் பெரிய பிளாஸ்டிக் பலகைகள். காமா கதிர் பட்டால் அதில் மிக மெல்லிய ஒளி மின்னும். கருவி அதை எண்ணும். எண்ணிக்கை கூடினால் மணி அடிக்கும். தரை ஓடு, உரம் ஏற்றிய லாரிக்கும் அடிக்கும், அவற்றில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 இருப்பதால். அப்புறம் கையடக்கக் கருவியோடு அதிகாரி வருவார். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் தனிச் சுருதி உண்டு, அதாவது அதன் கதிருக்கென்று தனி ஆற்றல் அளவு. 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் பொட்டாசியம், லாரி போகலாம். 662 என்றால் மனிதர் தயாரித்த சீசியம்-137, லாரி நகரக் கூடாது.

ஆனால் சுமார் 5 மில்லிமீட்டர் ஈயம் போதும், இரிடியத்தின் கதிர் பாதியாகிவிடும். தடித்த ஈயப் பெட்டிக்குள் இருப்பதைத் தூண்கள் தவறவிடலாம். அந்த இடத்தில் பக்கத்து நாடு சொல்லும் தகவல்தான் துணை. ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் அணு ஒழுங்குமுறை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் ஆசியான்டாம் வலையமைப்பு முக்கியம் என்று நான் நினைப்பது அதனால்தான். அதன் முதல் கூட்டம் 2013இல் நடந்தது.

தகவல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 மார்ச்சில் தாய்லாந்தின் பிராச்சின்புரியில் ஒரு சீசியம் உருளையைக் காணவில்லை என்று தேடினார்கள். கிடைத்தது உருளை அல்ல, இரும்பு உருக்காலையின் தூசியில் கலந்த சீசியம். சீசியம் ஆவியாகித் தூசியோடு போகும். கோபால்ட்-60 என்றால் இரும்போடு இரும்பாகக் கலந்து, கம்பியாகிக் கப்பலேறி எந்த நாட்டுக்கும் போகலாம்.

இந்த மாதிரிக் கருவிகளின் பெட்டியில் எண் பொறித்திருக்கும். தொலைந்த அன்றே அந்த எண் அண்டை நாடுகளுக்கு வந்துவிட்டால், பழைய இரும்புக் குவியலில் ஈயப் பெட்டி ஒன்று கண்ணில் படும்போது, அதைப் பிரிக்காமலே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.