கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஃபுட்சால் ஆடும்போது கணுக்கால் மூட்டு விலகி, ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது கட்டைப் பிரித்தாயிற்று. "பிசியோ ஒத்தக்கால்ல நிக்கச் சொல்றாங்கண்ணே, அதுவும் கண்ண மூடிக்கிட்டு. அம்மா, 'என்னடா தவமா பண்றே, பேசாம போய் உருவி விட்டுட்டு வா'ங்கறாங்க. இது நெஜமாவே வைத்தியமா?"

வைத்தியம்தான் தம்பி. அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எலும்புக் கதையைச் சுருக்கிவிடுகிறேன், பள்ளியில் படித்ததுதான். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கவட்டை போல மேலிருந்து பிடிக்க, நடுவில் டாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. சுற்றியுள்ள மூட்டு நார்களின் தயவில்தான் அது இடத்தில் நிற்கிறது. மூட்டு விலகியது என்றால் நார்கள் கிழிந்தன என்று அர்த்தம். பெரும்பாலும் எலும்பும் சேர்ந்து முறியும். டாக்டர் இடத்தில் வைத்துக் கட்டுவார், நார் மெல்ல ஒட்டும், முறுக்கேற மாதக்கணக்காகும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வெறுங்காலோடு அடுப்படித் தரையில் ஒற்றைக்காலில் நின்று, குனிந்து பாதத்தைப் பாருங்கள். புறங்காலில் தசைநாண்கள் வீணைத் தந்தி மாதிரி மாறி மாறித் துடிக்கும். அசையாமல் நிற்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். கால் ஒவ்வொரு கணமும் சாய்ந்து, சாய்ந்ததைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சாய்கிறோம் என்று அதற்கு யார் சொல்வது?

தசைக்குள்ளே, நூல் சுற்றிய கதிர் போலவே, நடுப்பக்கம் பருத்த நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. பெயரும் தசைக்கதிர்தான். அதன் இடுப்பில் ஒரு நரம்பு சுருளாகச் சுற்றியிருக்கும். தசை நீண்டால் சுருளும் இழுபடும், உடனே மூளைக்குத் துடிப்பு போகும். எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீண்டது, இரண்டையும் அது சொல்லிவிடும். உடம்பு தன்னையே உணரும் இந்தப் புலனுக்கு 1906இல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் வைத்த பெயர் புரோபிரியோசெப்ஷன்.

சரி, இழுப்பு எப்படி மின்துடிப்பாக மாறுகிறது? அதற்கு விடை கிடைக்க நூறு வருஷம் ஆனது. அமெரிக்காவில் அர்டம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் மெல்லக் குத்தினார்கள், மின்னோட்டம் வந்தது. சந்தேகப்பட்ட 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். கடைசியில், 72ஆவதை அணைத்ததும், குத்தினாலும் செல்லுக்கு உறைக்கவில்லை! 2010இல் அதற்குப் பியெசோ1 என்று பெயரிட்டார்கள். அதன் உடன்பிறப்பான பியெசோ2 உருவாக்கும் புரதம்தான் நம் தசைக்கதிரின் நரம்பில் உட்கார்ந்திருக்கும் கதவு. செல்லின் சவ்வு இழுபட்டால் திறக்கும், மின்னோட்டம் பாயும். பிறவியிலேயே அது வேலை செய்யாதவர்கள் கண்ணைக் கட்டினால் நடக்கத் தடுமாறுகிறார்கள். பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபெல் பரிசு. "செல்லைக் குத்திக்கொண்டிருக்கிறேன், பணம் கொடுங்கள்" என்று நம்மூரில் ஒருவர் விண்ணப்பித்தால் எந்தக் கமிட்டி கையெழுத்துப் போடும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கிழிந்த நார்களிலும் இப்படிப்பட்ட உணர்விகள் உண்டு, அவையும் சேதப்படும். போதாததற்கு ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் சும்மா கிடந்த காலிலிருந்து மூளைக்குப் புதுச் செய்தியே இல்லை. அதனால் மூளை கண்ணை நம்பத் தொடங்குகிறது. கண்ணை மூடச் சொல்வது அந்த ஊன்றுகோலைப் பிடுங்கத்தான். (சுவர் பக்கமாக நின்று செய்யுங்கள்.)

இன்னொன்று. கால் மடங்கினால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடலாம். வெளிப்பக்கத் தசை அனிச்சையாக விழித்து, இழுவையைக் கூட்டுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். கடைத்தெருவின் ஏறி இறங்கும் ஐந்தடி நடைபாதையில் பாதம் தரையைத் தொடும் முன்பே தசை இறுகியிருந்தாக வேண்டும். இந்த முன்னேற்பாட்டைச் சிறுமூளை பழகித்தான் கற்கும். எந்தத் தைலமும் கற்றுத் தராது. கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும், கெடுதல் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிடித்து இழுத்து உருவுவதுதான் கெடுதல்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 513 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை: மேல்படியில் நிற்கும் காலின் கணுக்கால் நன்றாக முன்னோக்கி மடங்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நல்ல காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து எத்தனை விரற்கடை பின்னுக்குக் கொண்டுபோக முடிகிறது, அடிபட்ட காலில் எத்தனை? அந்த வித்தியாசத்தைப் பிசியோவிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். போனாலும் கைப்பிடி ஓரமாக இறங்குங்கள். பால்குடத்தை இந்த வருஷம் அம்மாவே எடுக்கட்டும்.