நேவிசெர்ட்: சரக்குக்கு ஒரு கடவுச்சீட்டு

இரண்டு உலகப் போர்களின் கடல் வரலாற்றைப் படிக்கும்போது 'நேவிசெர்ட்' என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். நடுநிலை நாட்டுச் சரக்கைக் கடலில் மறிக்காமல் விடுவதற்கு பிரிட்டன் முன்கூட்டியே தந்த அனுமதிச் சீட்டு அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. 'நேவி' என்ற முன்பாதி கப்பலைக் குறிக்கும் லத்தீன் 'நாவிஸ்' வழி வந்தது. பின்பாதி 'சர்டிபிகேட்' என்பதன் குறுக்கம். (சங்கப் பாட்டில் வரும் 'நாவாய்' இதற்கு உறவா என்பது தனிப் பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.)

சரி, அப்படியானால் 'கப்பல் சான்றிதழ்' என்று சொல்லிவிடலாமா? கூடாது. இது முதலில் கப்பலுக்கே தரப்படவில்லை, அதில் ஏறும் சரக்குக்குத் தரப்பட்டது.

முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பொருள் போகாமல் தடுக்க, பிரிட்டிஷ் கடற்படை நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் மறித்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளில் உள்ள கிர்க்வால் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. நாள்கணக்கில் தாமதம், வணிகருக்கு நஷ்டம், அமெரிக்காவுக்கோ எரிச்சல். லண்டனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ராபர்ட் ஸ்கின்னர் ஒரு வழி சொன்னார்: சரக்கு ஏறுவதற்கு முன்பே சோதனையை முடித்துவிட்டால் என்ன? 1916இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதியாளர் வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் விண்ணப்பிப்பார், லண்டன் விசாரித்துப் பதில் அனுப்பும். சீட்டு கிடைத்தால் வழியில் தொல்லை குறையும்.

1939 டிசம்பரில் இதே முறை மீண்டும் வந்தது. அப்போதும் விருப்பமிருந்தால் வாங்கலாம் என்ற நிலைதான். பிரான்ஸ் வீழ்ந்தபின், 1940 ஜூலை இறுதியில் கதை மாறியது. நேவிசெர்ட் இல்லாத சரக்கு எதிரிக்குப் போவதாகவே கருதப்படும், இல்லையென்று காட்டுவது உரியவர் பொறுப்பு. கடலில் மறிக்கும் வேலை, தூதரக மேசைக்கு இடம் மாறியது. போரில் இறங்காத ஸ்பெயினுக்குப் பெட்ரோலியத்தை அளந்து விட்டதும் இந்தச் சீட்டை வைத்துத்தான்.

இதனால்தான் 'சான்றிதழ்' எனக்கு ஒப்பவில்லை. சான்றிதழ் உள்ளதை உள்ளபடி சொல்வது. இதுவோ போரிடும் நாடு, போரில் இல்லாதவனைப் பார்த்து 'போகலாம்' என்று சொல்வது. 'கடவு' என்றாலே வழி. ஆகவே 'சரக்குக் கடவுச்சீட்டு' பொருந்தும். அப்புறம், இதன் தம்பிகளாக 'ஏர்செர்ட்', 'மெயில்செர்ட்' என்று இரண்டு இருந்தன. அவற்றையும் 'வான்சரக்குக் கடவுச்சீட்டு', 'அஞ்சல் கடவுச்சீட்டு' என்று சிக்கலில்லாமல் சொல்லிவிடலாம்.